இரண்டாவது கைப்பிடி

மேடையின் நடுவே வீற்றிருந்து, மணியைக் கையருகே வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானையா அவர்களே! ஞாயிறுதோறும் எங்களை நல்வழிப்படுத்தி, நண்பகலுக்குள் வீட்டுக்கும் அனுப்பிவைக்கும் எங்கள் போதகர் ஐசக் ஐயர் அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் அன்னையரே, அக்காமாரே! இவர்கள் எல்லாருக்கும் முன்னால், முதல் வரிசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான் என்ன உளறப் போகிறேன் என்று காத்திருக்கும் என் மாமியார் ரத்தினபாய் அம்மாள் அவர்களே! தாம்பரம் சபை மாதர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவிலே, யூனிஸ் ஜெபராஜ் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘பாட்டியும் வீடும் ஆலயமும்’. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘நல்லதாகவே பேசுங்கள்’ என்று செயலாளர் அம்மா சொன்னார்கள். நல்லதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் நடந்ததையும் பேசுவேன். பேசலாமா அத்தை? ... தலையசைத்துவிட்டார்கள். தலைவர் ஐயா, நீங்களே சாட்சி!

என் மாமியாருடைய ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதல் மின்சார ரயில் தாம்பரம் நிலையத்தை விட்டுக் கிளம்பும் ஓசையில் எழுந்துவிடுவார்கள். எழுந்தவுடன் ஜெபம். எங்கள் வீட்டில் இருப்பவர்கள் எட்டுப் பேர். ஜெபத்தில் வருபவர்கள் முப்பத்திரண்டு பேர்! பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பால்காரர் ஜெயவேலு, அவருடைய சினைமாடு, ஒருவரையும் விடமாட்டார்கள். கடைசியாக என் பெயர் வரும். ‘ஆண்டவரே, யூனிஸுக்குப் பொறுமையைக் கொடும்.’ தினமும்! இருபத்தைந்து வருஷமாக! இன்னும் கிடைத்தபாடில்லை, அது வேறு விஷயம்.

(சிரிக்காதீர்கள், தலைவர் மணி அடித்துவிடுவார்.)

ஜெபம் முடிந்தால் அடுப்பு. அடுப்பு மூண்டால் உலை. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், இங்கே இருக்கிற ஒவ்வொரு தாயும் செய்வதைப் போல, ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கோவில் பானையில் போடுவார்கள். வருஷம் முழுக்கச் சேரும் அந்த அரிசி, அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இது நம் வழக்கம். நாமெல்லாம் எத்தனை கைப்பிடி போடுகிறோம்? ஒன்று. என் மாமியார் எத்தனை போடுவார்கள்? இரண்டு! எந்த நாளும் இரண்டு! இந்த இரண்டு வருஷமாக அரிசித் தட்டுப்பாடு வந்து, ரேஷன் கடை வாசலில் நம் கால் தேய்ந்ததே, அப்போதும் இரண்டு! நம் ஐயர் போன வருஷம் பிரசங்கத்திலேயே சொன்னார்: ‘ரத்தினபாய் அம்மாளின் இரண்டாவது கைப்பிடியைப் பாருங்கள், அதுவே பக்தி’ என்று. நினைவிருக்கிறதா? அந்த இரண்டாவது கைப்பிடியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கேதான் வரப்போகிறேன்.

என் மகன் எட்மண்டுக்கும் ஊரப்பாக்கத்துக் கிருபாவுக்கும் போன மாதம் ஒரு புதன்கிழமை கல்யாணம் என்று குறித்திருந்தோம். அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஆசாரி தனக்கோடி தாலியைச் செய்துகொண்டு வந்து என் மாமியார் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பது? வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பீரோ இருக்கிறது. சாவி அவர்கள் இடுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அத்தையின் கணக்கு வேறு. திருடன் வந்தால் நேரே பீரோவுக்குத்தானே போவான்? பிள்ளைகள் குடைந்தால் பெட்டியைத்தானே குடைவார்கள்? இந்த வீட்டில் எவரும் கை வைக்காத இடம் எது? எவரும் கை வைக்கத் துணியாத இடம் எது? கோவில் பானை! தாலியை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் முடிந்து, பானை அரிசிக்குள் புதைத்து, வாயைத் துணியால் கட்டிவிட்டார்கள். பானை ஆலயத்துக்குப் போவதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தருடைய பானையில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள்.

யாருக்குத் துணிச்சல் வரும்? சகோதரிகளே, எனக்கு வந்தது!

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். வாசலில் இரண்டு ஜட்கா வந்து நிற்கிறது. ஊரப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டார், மொத்தம் ஏழு பேர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறார்கள்! மூன்றாம் வரிசையில் இருக்கும் சம்பந்தியம்மா கோபிக்கக் கூடாது. வந்தது மகிழ்ச்சி. வாருங்கள், வாருங்கள் என்றுதான் வரவேற்றேன். ஆனால் உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்தால், அடியில் கால்படி அரிசி! ரேஷன் போடுவது சனிக்கிழமை. அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால் அங்கேயும் அதே நிலைமை. பெண் வீட்டாரைப் பட்டினியாக அனுப்புவதா? எட்மண்டின் வீட்டில் சோறில்லை என்று ஊரப்பாக்கம் வரைக்கும் பேச்சாவதா? மானம் போய்விடாதா?

கோவில் பானையைப் பார்த்தேன். கோவில் பானை என்னைப் பார்த்தது. துணியை அவிழ்த்தேன். மங்கலான சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படியை விட்டு மூன்று முறை மொண்டேன். இரண்டு படியைக் களைந்து உலையில் போட்டேன். மூன்றாவது படி கையில் இருக்கும்போது, ‘ஏதாவது ஒத்தாசை செய்யட்டுமா?’ என்று சம்பந்தியம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிடப் போகிறார்களே என்று அந்தப் படியை அப்படியே அரிசி டின்னுக்குள் கவிழ்த்து மூடினேன். சனிக்கிழமை ரேஷன் அரிசி வந்ததும், முதல் வேலையாக மூன்று படி அளந்து பானையில் போட்டு, பழையபடி துணியைக் கட்டிவிட்டேன். மிச்சம் டின்னுக்குப் போனது. ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலையே அத்தைக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. மருந்து குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களை எழுப்புவானேன் என்று பானையை நானே சுமந்துகொண்டு போய் ஆலயத்தில் வைத்தேன். ஏலத்தில் எடுத்தவர் யார்? திருநீர்மலைப் பக்கத்து முனிரத்தினம். பெருமாளைச் சேவிக்கிறவர், நிலபுலம் உள்ளவர், வருஷாவருஷம் நம் ஏலத்துக்கு வந்து அத்தையின் பானையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எடுக்கிறவர். ‘அந்த ஆயா கை அரிசி அமாவாசை உலையில வுழுந்தா, வருசம் பூரா உலை நிக்காது’ என்பது அவர் நம்பிக்கை.

நான் வீட்டுக்கு வருகிறேன். பானை இருந்த இடத்தில் அத்தை நிற்கிறார்கள்.

“பானை எங்கடி?”

“ஏலம் போயிடுச்சு அத்தை.”

அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். “ஐயோ, அதுக்குள்ளதான்டி தாலி!”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? புதன்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாலி இல்லை! அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தாலி அடியில்தானே இருக்கும், நான் மேலாகத்தானே மொண்டேன், போனால் கிடைத்துவிடும், நம் குட்டு ஏன் வெளிப்பட வேண்டும் என்று மூடிக்கொண்டேன். ஒரு சைக்கிள் ரிக்ஷாவைப் பிடித்தேன். காய்ச்சல் உடம்போடு அத்தையும் ஏறிவிட்டார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வாசலில் போய் இறங்கியதும் முனிரத்தினம் ஓடி வந்தார். “இன்னா டீச்சரம்மா, ஆயாவுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்க, இந்த வெயில்ல இட்டுகினு வந்துகிறீங்க?” விஷயத்தைச் சொன்னேன். “தாலியா? அடக் கடவுளே! பச்சையம்மா, அந்தப் பானைய எட்தா!”

அவர் மனைவி பச்சையம்மா பானையைக் கொண்டுவந்து, கட்டிய துணியை எங்கள் கண்முன்னால் அவிழ்த்து, முறத்தில் கொட்டினாள். ஒரு முறம். இரண்டு முறம். மூன்று முறம். பானை காலி. தாலி இல்லை!

தெரு கூடிவிட்டது. ‘சபைக்காரங்க பானையில இன்னாவோ காணமாம்’ என்று ஒருவர். ‘முனிரத்தினம் வூட்லயா?’ என்று இன்னொருவர். அந்த மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. “எங்க வூட்ல எவனும் கை வெக்கலமா. அமாவாசைக்குத்தான் உலைன்னு கட்ன கட்டு அப்டியே இருந்துச்சு” என்றார். பச்சையம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். என் மாமியாரிடம் திரும்பினாள். “தாலி விசயத்துல நாங்க வெளாடுவமா ஆயா? நானும் கழுத்துல கட்டிகினு கீறவதான்” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சபையோரே! கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தவறு செய்தவள் நான். தலை குனிந்து நிற்பவள் அவள். மொண்டவள் நான். சத்தியம் செய்கிறவள் அவள். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால், சாயங்காலத்துக்குள் தாம்பரம் சந்தை முழுக்க அந்தக் குடும்பத்துக்குத் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கும். தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாய், பத்துப் பேருக்கு நடுவே ஒரு சொல்லுக்குத் திணறியது. கடைசியில் சொல்லிவிட்டேன். “அத்தை, நான் பானையில கை வெச்சேன். வெள்ளிக்கிழமை மூணு படி எடுத்தேன். ஒரு படி நம்ம டின்னுல இருக்கு.”

பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்கள்.

“திருப்பி வெச்சியா?”

“சனிக்கிழமையே வெச்சிட்டேன் அத்தை.”

“அப்புறம் என்னடி அழுகை? ரிக்ஷாவைக் கூப்பிடு!”

கைதட்டுகிறீர்கள். எனக்கு அன்றைக்கு வேறு கவலை. அந்த டின்னிலிருந்து இரண்டு நாள் பொங்கியிருக்கிறோமே, உலையோடு போயிருந்தால்? பச்சையம்மாவும் ரிக்ஷாவில் ஏறிவிட்டாள். “கண்ணால பாக்காம எனக்குச் சோறு எறங்காது” என்றாள். ஒரு ரிக்ஷாவில் மூன்று பெண்கள்! மிதித்தவருக்குத்தான் நாம் காணிக்கை கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து டின்னிலிருந்த அரிசியைப் பாயில் அள்ளி அள்ளிக் கொட்டினோம். மூன்று பேரும் துழாவினோம். மேலே ரேஷன் அரிசி. அதற்குக் கீழே பழைய அரிசி. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் கீழே... யார் கைக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? என் கைக்கா? அத்தை கைக்கா? யாரைச் சந்தேகத்தில் நிறுத்தினோமோ, அந்தப் பச்சையம்மா கைக்குக் கிடைத்தது! முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கெட்ச்சிடுச்சு ஆயா!” என்று கத்தினாள் பாருங்கள், அப்பாடா! பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறினபோதுகூட அப்படி ஓர் ‘அப்பாடா’ என் நெஞ்சிலிருந்து வந்ததில்லை. மூன்று பேரும் அரிசியின் மேலேயே உட்கார்ந்து அழுதோம். பிறகு சிரித்தோம். சிரித்துச் சிரித்து அத்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

இதோ, கடைசி வரிசையில் பச்சையம்மா எழுந்து நிற்கிறாள். என்ன பச்சையம்மா? ... “கல்யாணத்துல மொத பந்தி எங்களுக்குத்தான் போட்டாங்கோன்னு சொல்லு டீச்சரம்மா” என்கிறாள். சொல்லிவிட்டேன்! முதல் பந்தி, முதல் இலை, முனிரத்தினம் குடும்பத்துக்கு!

மணியில் கை வைக்கிறார் தலைவர். இன்னும் ஒன்றுதான் ஐயா. இரண்டாவது கைப்பிடி.

அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொன்னார்கள்: “ஜெபராஜுக்கு நாலு வயசு. காய்ச்சல் விட்டு எந்திரிச்சு, கஞ்சி வேணும்னு அழுதான். வீட்ல ஒரு மணி அரிசி இல்ல. என் மாமியார் கோவிலுக்குப் போயிருந்தாங்க. கோவில் பானையில ஒரே ஒரு கைப்பிடி எடுத்துக் காய்ச்சிக் குடுத்தேன். அவங்க கண்ணை மூடுற வரைக்கும் அதை அவங்க கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலடி. நாப்பத்தோரு வருஷமாத் தினமும் ஒரு கைப்பிடி கூடப் போடுறேன். மனசு ஆறல. நீ ரெண்டே நாள்ல சொல்லிட்டே. பத்துப் பேருக்கு முன்னாடி சொல்லிட்டே.”

ஐயர் அவர்களே, நீங்கள் பக்தி என்று பிரசங்கித்தது இதைத்தான்! ஒரு கைப்பிடிக் கஞ்சிக்கு நாற்பத்தோரு வருஷம்! சபை புகழப் புகழ, கூசிக் கூசிக் கழிந்த நாற்பத்தோரு வருஷம்! அந்தக் கஞ்சியைக் குடித்தவர் அதோ, என் வீட்டுக்காரர், தூணுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ‘மேடையில பேசப் போறியாமே, இதையும் சொல்லிடு. என்னால முடியல, நீ சொல்லு. எனக்குப் பாரம் இறங்கட்டும்’ என்று அத்தைதான் என்னை அனுப்பினார்கள். சொல்லிவிட்டேன் அத்தை. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை, பாருங்கள்!

தாய்மாரே! நம் வீடுகளில் எத்தனை பானைகளுக்குள் எத்தனை பயங்களைப் புதைத்து வைத்திருக்கிறோம்? மாமியாருக்குப் பயந்து மருமகள், மருமகளுக்குப் பயந்து மாமியார், சபைக்குப் பயந்து இருவரும்! எடுத்தவள் ‘எடுத்தேன்’ என்று சொல்லவும், கேட்டவள் ‘அப்புறம் என்ன அழுகை’ என்று கேட்கவும் ஒரு வீடு இருந்தால், அதுவல்லவா வீடு? அந்த வீட்டிலிருந்து வருகிற பிடி அரிசியல்லவா காணிக்கை?

அத்தை இப்போதும் இரண்டு கைப்பிடிதான் எடுக்கிறார்கள். ஒன்று கோவில் பானைக்கு. மற்றொன்று, பக்கத்தில் புதிதாக வாங்கி வைத்திருக்கும் சின்னப் பானைக்கு. ‘இது யாருக்கு அத்தை?’ என்றேன். ‘சொல்லாம வர்றவங்களுக்கு. என்கிட்டே கேக்காம எடு’ என்றார்கள்.

பொறுமையோடு மணியடிக்காமல் இருந்த தலைவருக்கும், போதகருக்கும், மூப்பருக்கும், என் பேச்சைக் கேட்டுச் சிரித்து அழுத உங்கள் எல்லாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அந்தச் சின்னப் பானை இப்போது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. சம்பந்தியம்மா, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். சொல்லாமலே வாருங்கள். வணக்கம்!