ரெண்டு நாள் விருந்தாளி

மாஹிம் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "விருந்தாளிக்கும் விசா வேணும்ளா" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கணவர் காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்றார்.

கூட வந்த இளம்பெண் கேட்டாள்: "பினாங்குல சொந்த வீடு வாங்கியும் ஒரு மாசத்துல திரும்பிட்டீங்களேக்கா?"

"விசா அவ்வளவுதான். முடிஞ்சா கெளம்பணும்."

"கஷ்டமா இல்லியா?"

"எதுக்கு? தாராவியில நம்ம ஒத்த ரூம் கோலிக்கு ஊர்லேருந்து எவன் வந்தாலும் ரெண்டு நாள்னுதான் பையை வைப்பான். வருசக்கணக்கா போக மாட்டான். போன்னு நம்ம வாயால சொல்ல முடியுமா? பினாங்கு வீட்டுல எங்களுக்கு முன்னாடியே போய் உக்காந்த இவுக தம்பி குடும்பத்தை, விசா முடிஞ்சுதுன்னு சர்க்காரே அனுப்பி வச்சிட்டுது. மிச்ச நாள் நிம்மதியா இருந்தோம்."

"இங்கயும் அப்படி ஒரு சட்டம் வந்தா நல்லாருக்கும்."

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அன்னிக்கே வந்திருந்தா உங்க அக்காவுக்கும் எனக்கும் கல்யாணமே நடந்திருக்காது. நானும் இவ வாப்பா கோலிக்கு ரெண்டு நாள்னு பையோட வந்தவன்தான்."

அம்மாள் சிரிக்கவில்லை. "அந்தப் பை இன்னும் எங்க பரண்லதான்ளா கெடக்கு" என்றார். "தூக்கிப் போட மனசு வரல."