அக்காவின் குரலைப் பூட்டிக்கொண்ட கணினி

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! எந்தப் பொத்தானையும் அஞ்சாமல் அழுத்திப் பார்க்கும் இளையோரே! அழுத்தினால் வெடித்துவிடுமோ என்று என்னைப் போலவே தயங்கும் பெரியோர்களே! ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்து இந்த மன்றத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! எல்லோர்க்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

"கட்டற்ற இயங்குதளத்தைப் புதியவர் தேர்ந்தெடுப்பது எப்படி?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம்; யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்து வைத்திருப்பது கட்டற்றது. யாரிடம்? அச்சகத்தில் பிழை திருத்தும் என்னிடம்! ஒற்று மிகுமா, மிகாதா என்று கேளுங்கள், உறக்கத்திலும் சொல்வேன். கணினி ஏன் திறக்கவில்லை என்று கேட்டால்… சிரிக்காதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொல்கிறேன். ஆகவே, பாடம் நடத்த நான் வரவில்லை. எங்கள் வீட்டில் விழுந்த இடியைச் சொல்ல வந்தேன்.

என் அக்கா ரயில் நிலைய அறிவிப்பாளர். வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே சொன்ன குரல். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது! அறுவை சிகிச்சையில் அக்கா பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. ஆனால் அவள் கெட்டிக்காரி. சிகிச்சைக்கு முன்பே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் படித்துத் தன் குரலைக் கணினியில் சேமித்துவிட்டாள். அவள் தட்டச்சு செய்ததை அவள் குரலிலேயே பேசும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவும் இலவசமாகக் கிடைத்த, கட்டற்ற மென்பொருள். கணினி பேசியது, அக்கா பேசினாள்!

ஒரு நாள் காலை கணினியைத் திறக்கிறாள். "புதுப்பிக்கப்படுகிறது" என்கிறது திரை. ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது! அணைத்துப் போட்டாலும் அதே வட்டம். அந்த இயங்குதளத்தை விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினால், "சார், அது பழைய கணினி. இனிமே எங்க ஆதரவு கிடையாது" என்கிறார்கள். அதிர்ந்தேன்! கணினி எங்களுடையது, குரல் எங்களுடையது, ஆனால் கதவைத் திறக்கும் உரிமை மட்டும் வேறொருவருடையதா?

பழுது பார்ப்பவரை அழைத்தோம். கணினிப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாம் சார். உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், பரவாயில்லையா?"

அக்கா கணவர், என் மாமா, பேருந்து ஓட்டுநர். எதையும் சட்டென்று முடிக்கிறவர். "போனா போகட்டும்பா. வேற குரல் ஏதாவது போட்டுக்கலாம். அதுவரைக்கும் எழுதிக் காட்டட்டுமே" என்றார். "அதுவும் சரிதான்" என்றேன் நான்.

படார் என்று ஒரு சத்தம்! அக்கா மேசையில் அறைந்திருந்தாள். அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அள்ளி அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு அவளே கைபேசியில் தேடினாள். கட்டற்ற இயங்குதளம் பயன்படுத்துவோரின் குழு ஒன்றில் நடந்ததை எழுதினாள். முகம் தெரியாத ஒரு பெண் பதில் எழுதினாள்: "அக்கா, எதையும் அழிச்சிடாதீங்க. முதல்ல புது இயங்குதளத்தைப் பென்டிரைவ்ல போட்டு, அதுலேருந்தே ஓட்டிப் பாருங்க. பழைய கோப்பு எதுவும் கலையாது. பிடிச்சா வச்சுக்கலாம், பிடிக்கலைன்னா பென்டிரைவை உருவிடலாம்."

அச்சகக் கணினியில் பென்டிரைவைத் தயார் செய்து கொடுத்தேன். முதலில் அவள் போட்டது படத்தில் பளபளவென்று இருந்த ஓர் இயங்குதளம். எங்கள் கிழட்டுக் கணினியில் அது நத்தையாய் நகர்ந்தது. "அழகைப் பாத்து வண்டி வாங்கினா இப்படித்தான்" என்றார் மாமா. அடுத்து, எடை குறைந்த ஒன்று. ஆடம்பரம் இல்லை. ஆனால் திரையில் வரும் பட்டியல்கள் தமிழில் இருந்தன. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளும் இருந்தது. தேர்வு என்பது இவ்வளவுதான் தோழர்களே! ஊர் புகழ்வதையா பார்ப்பது? உங்கள் கணினி தாங்குவதைப் பாருங்கள். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்!

அதன் வழியாகக் கணினியின் பழைய வன்வட்டைத் திறந்தாள். குரல் கோப்புகள் அப்படியே இருந்தன! முதலில் இன்னொரு வட்டில் அவற்றைப் படியெடுத்தாள். அதன்பிறகே புதியதை நிறுவினாள். பேசும் மென்பொருளையும் அதில் ஏற்றித் திறந்து, தட்டச்சு செய்து, பொத்தானை அழுத்தினாள்.

மௌனம்.

மறுபடி அழுத்தினாள். திரையில் ஒலி அலை துள்ளுகிறது. காதில் ஒன்றும் விழவில்லை! மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுடா… அவ குரல் போச்சுடா" என்றார். அக்கா மட்டும் அழவில்லை. மறுபடியும் குழுவில் கேட்டாள். பதில் வந்தது: "அலை ஆடுதுல்ல? அப்போ குரல் இருக்கு. ஒலி எந்த வழியா வெளிய போகுதுன்னு அமைப்புகள்ல பாருங்க."

பார்த்தாள். ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு ஒலி போய்க்கொண்டிருந்தது! வழியை மாற்றினாள். அழுத்தினாள். அதே ரயில் நிலையக் குரல், வீடே அதிர வந்தது:

"என் குரலை அழிக்கலாமான்னு என் எதிர்லயே உக்காந்து பேசினீங்களே! ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. பேச முடியாதவளை, இல்லாதவளாகவே ஆக்கிவிட்டோமே! மாமா எழுந்து வந்து, "கேட்டிருக்கணும்மா. கேக்கலை" என்றார்.

கட்டற்றது, கட்டற்றது என்கிறோமே, எதற்காக? விலை இல்லை என்பதற்காகவா? இல்லை! என் பொருளைத் திறக்க இன்னொருவர் தயவு வேண்டாம் என்பதற்காக! தெரியாததைக் கேட்டால் தெரிந்தவர் சொல்வார் என்பதற்காக! என் குரலைக் குறித்து முடிவெடுக்கும் இடத்தில் நானே இருப்பேன் என்பதற்காக!

இப்போது அந்தக் குழுவில் புதியவர்களுக்குப் பதில் சொல்கிறவர்களில் என் அக்காவும் ஒருத்தி. யார் வந்து "கணினி திறக்கலை, அழிச்சுடலாமா?" என்று கேட்டாலும், அவள் முதலில் கேட்பது ஒன்றே: "அதுக்குள்ள யாரோடது என்ன இருக்கு?" அந்தக் கேள்வியை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு இறங்குகிறேன். பிழை திருத்துபவன் பேச்சையும் பிழை பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோர்க்கும் நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!