மத்தியான வேட்டு

"படு! மாரப்பா, படு!"

கத்துகிறேன். வாய் முழுக்கச் சேறு. பர்மா எல்லை மலை. நாற்பத்து நான்காம் வருஷம், மழை பிடித்துவிட்டது. தூரத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். பானைக்குள் கல் விழுந்த மாதிரி. பிறகு ஒன்றுமே கேட்காது. அந்தக் கேட்காத நேரத்தில்தான் படுக்க வேண்டும். எங்களுக்குத் தெரியும். மாரப்பனுக்குத் தெரியாது. கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவிலிருந்து முந்தின நாள்தான் எங்களிடம் வந்தான். நிற்கிறான். சத்தம் எங்கே என்று அண்ணாந்து பார்க்கிறான்.

குண்டு விழுந்தது. காது அடைத்தது. புகை விலகியபோது அவன் நின்ற இடத்தில் குழி. பக்கத்தில் ஒரு பூட்ஸ். அதைத்தான் புதைத்தோம்.

யாருக்காகச் செத்தான்? வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் வரப்புத் தகராறு. வாளையார்க்காரனுக்கு அங்கே என்ன வேலை? வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தது. சோறு போடுகிறான் என்று போனோம். வேறு வீரம் கீரம் ஒன்றும் கிடையாது.

போர் முடிந்து ஒன்பது வருஷம். மாசி மாதம். மறுபடியும் மழை இல்லை. கஞ்சிக்கோட்டுச் சந்தைத் திடலில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். அன்று சாயங்காலமே பொன்னாத்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாரப்பனின் பெண்சாதி. கூடப் பிறக்காத தங்கை.

"அண்ணா, வேலுச்சாமி போறேங்கறானுங்க. எப்படியாச்சும் நிறுத்திப் போடுங்கண்ணா. எனக்கு அவன உட்டா ஆருங்க இருக்காங்க?"

வேலுச்சாமி அவளுக்கு ஒரே பையன். பதினெட்டு வயது. அப்பன் சண்டையில் முன்னால் ஓடிச் செத்தான் என்று ஊர் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தது. ஊருக்கென்ன, சொல்லும்.

பர்மாவிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். நான். ஒற்றைக்கால் கிட்டான். ஒரு காது கேட்காத சுலைமான் ராவுத்தர். மூவரும் திடலுக்குப் போனோம். கிட்டான் தன் காளையையும் ஓட்டி வந்தான். வெள்ளைக்காரன் கொடுத்த மெடல்களை எல்லாம் அதன் கழுத்துக் கயிற்றில் கட்டியிருந்தான்.

"மணி அறுந்து போச்சுங்க. இதாச்சும் ஆடட்டும்" என்றான்.

மெடல்கள் கிலுங் கிலுங் என்று ஆடின. சனங்கள் சிரித்தார்கள். பிறகு கூடினார்கள். வரிசையில் நாற்பது ஐம்பது பையன்கள். முன்பக்கத்தில் வேலுச்சாமி. மேசைக்குப் பின்னால் ஒரு சுபேதார். நரைத்த மீசை. நெஞ்சில் எங்கள் காளை போட்டிருந்த அதே பர்மா மெடல்.

"போகாதீங்கடா! நாங்க போயிட்டு வந்தவங்க சொல்றோம்!" ராவுத்தர் கத்தினார். அவருக்குக் காது சரியாகக் கேட்காததால் குரல் பெரியது. கிட்டான் வேட்டியைத் தூக்கித் பாதியில் நின்ற தொடையைக் காட்டினான். சிரிப்பு நின்றது. வரிசையில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். சுபேதார் எங்களைத் தடுக்கவில்லை. தலை குனிந்தே இருந்தார். வேலுச்சாமி என்னைப் பார்த்தான். கால் மாற்றி நின்றான். வந்துவிடுவான். சாமி, வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

நேரத்தை மறந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

திடலுக்கு மேற்கே ரோட்டுக்குக் கல் உடைக்கும் குழி. தினமும் உச்சிப் பொழுதில் பாறைக்கு வேட்டு வைப்பார்கள். அந்த நேரத்தில் நான் வெளியே இருப்பதில்லை. வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வேன். கிட்டானும் அப்படித்தான். ராவுத்தரும் கடையைப் பாதி சாத்திவிடுவார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. வெட்கம்.

"வேட்டேய்ய்! வேட்டு!" குழிக்காரன் கூவினான்.

ஒன்றும் கேட்காத நேரம். பிறகு வெடித்தது.

நான் தரையில் கிடக்கிறேன். வாய் முழுக்க மண். பக்கத்தில் கிட்டான், கோல் ஒருபக்கம், அவன் ஒருபக்கம். ராவுத்தர் தலையைக் கைகளால் மூடி அழுகிறார். மேசைக்கு அடியில் சுபேதார். அவரும்தான். கன்னம் புழுதியில். என்னை நேராகப் பார்க்கிறார். காளை மட்டும் அசையாமல் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். வேலுச்சாமி நிற்கிறான். சத்தம் எங்கே என்று அண்ணாந்து பார்க்கிறான். அதே கழுத்து. அதே நிற்பு.

"படு! மாரப்பா, படு!"

நான்தான் கத்தினேன். திடல் முழுக்கக் கேட்டது.

சிரித்தார்கள். அட, எப்படிச் சிரித்தார்கள்! "பட்டாளத்துப் புலிங்கெல்லாம் பம்மிக் கெடக்குதுங்கோ!" சின்னப் பையன்கள்கூடக் கைதட்டினார்கள். வேலுச்சாமி சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போயிற்று. என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்கப்பன் உங்களாட்டப் படுத்திருக்க மாட்டாருங்க, மாமா."

சொல்லிவிட்டுத் திரும்பி மேசைக்கு நடந்தான்.

"படுத்திருந்தா ஊடு வந்திருப்பான்டா! படுக்காமத்தான்டா செத்தான்!" எழுந்திருக்க முடியாமல் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. சுபேதார் எழுந்தார். மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த ஆள்."

வேலுச்சாமி போன இரண்டாம் வருஷம் செய்தி வந்தது. அதே எல்லை மலைப்பக்கம்தானாம். இந்தத் தடவை யாரோடு யாருக்குத் தகராறு என்று எனக்கு விளங்கவில்லை. பொன்னாத்தா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது உச்சிப் பொழுதில் அவளும் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

படிக்கிறவர்களே, எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கிட்டானின் இடது கால். ராவுத்தரின் வலது காது. எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மத்தியானம். மாரப்பனில் மிஞ்சியது ஒரு பூட்ஸ். அவன் மகனுக்கு அதுவும் இல்லை. ஊரிலிருந்து எட்டுப் பேர் போனோம், ஐந்து பேர் வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். இனி ஆறு என்று சொல்ல வேண்டும்.