வட்டத்தின் அளவு

எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் தூசி படிய நான் விட்டதில்லை. பகலில் அதில் பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடுவேன். மாலையில் என் மகள் தீபா துப்பாக்கி விளையாட்டு ஆடுவாள். அவளுக்குக் கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள், டாக்டர். தேதியோடு சொல்கிறேன். 2005, ஜூன் ஆறாம் தேதி, திங்கட்கிழமை.

அதற்கு முந்தைய மாதம், சென்னையில் விளையாட்டு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனி அவளை ஆகஸ்டில் தேர்வுக்கு வரச்சொல்லியிருந்தது. நன்றாக ஆடுகிறவர்களுக்கு வேலை, விடுதி. முள்ளிப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பங்காளி எல்லப்பன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "நம்ம ஜெகநாதன் பொண்ணு மெட்ராஸ்ல பசங்களோட குந்திகினு சுடப் போவுதாமே. மாப்பிள்ளையையும் அங்கயே சுட்டுகினு வந்துடும். செலவு மிச்சம்."

பந்தி சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தடுத்தால் பெண் ஓடிப்போவாள். அது அதைவிடக் கேவலம். அவளாகவே போகாமல் நின்றுவிட வேண்டும்.

விளையாட்டை அவளே எனக்கு விளக்கியிருந்தாள். "குறி சரியா வச்சாலும் குண்டு நேரா போவாது நைனா. குறிய சுத்தி ஒரு வட்டம் இருக்குது. ஓடிகினே சுட்டா பெருசாவும், குந்திகினு சுட்டா சின்னதாவும். அதுக்குள்ள எங்க உழும்னு துப்பாக்கிக்கே தெரியாது."

அந்த வட்டத்தின் அளவு விளையாட்டின் ஒரு கோப்பில் வெறும் எண்ணாக இருந்தது. டிசைன் கோப்புகளில் கட்டங்களை மாற்றிப் பழகியவனுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும். திரையில் தெரிகிற வட்டத்துக்கு வேறு எண். அதை நான் தொடவில்லை.

ஜூன் ஆறாம் தேதி இரண்டை இரண்டரை ஆக்கினேன். அடுத்த வாரம் மூன்று. பார்டரில் ஓர் இழை கூடினால் யார் கண்ணுக்கும் தெரியாது, அதே கணக்கு.

ஜூலை தொடக்கத்தில் தீபா சிரித்தாள். "ஆள உட்டுட்டு செவுத்துக்குப் பொட்டு வச்சிகினு கீறேன் நைனா."

மாதக் கடைசியில் எண் ஆறாகியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. வலது கையை நீட்டி வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுதா?"

அவள் அம்மா கன்னியம்மாள் நடுக்க நோயில் போனவள். கடைசி வருஷம் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது.

"அவளுக்கும் மொதல்ல கையிலதாம்மா" என்றேன். அது உண்மை. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

வர இயலாது என்று கம்பெனிக்கு அவளே கடிதம் எழுதினாள். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்த கையோடு எண்ணைப் பழையபடி இரண்டாக்கினேன். தேவைக்கு மேல் எதுவும் செய்யவில்லை.

தீபாவளிக்கு முன் ஒருநாள் மறுபடி ஆடிப் பார்த்தாள். நான் பின்னால் நின்றிருந்தேன். ஒரு குண்டும் படவில்லை. மவுஸின் மேல் அவள் கை வெடவெடவென்று ஆடியது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வேறெங்கும் போகவில்லை.

நான்கு வருஷமாகக் காபி நான்தான் ஆற்றிக் கொடுக்கிறேன். பாதி டம்ளர், நிறைய ஊற்றினால் சிந்திவிடும். "பொண்ண கண்ணாட்டம் பாத்துக்கிற அண்ணே" என்று எல்லப்பனே சொல்கிறான்.

நரம்பில் கோளாறே இல்லை என்கிறீர்கள். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் அன்றைக்கு அவள் கை ஆடியபோது கோப்பில் எண் இரண்டுதான் இருந்தது. அந்த நடுக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.