கசியாத பாஸ்வேர்ட்

மரக்காணம் கடற்கரையின் தகவல் பாதுகாப்பு வரலாற்றில் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு: சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவிலிருந்து ஒரு பாஸ்வேர்டுகூட வெளியே போகவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பாளர். அவசரப் பிரிவுக்காரர்களுக்கு ஒழுங்கு கிடையாது. டாக்டர் பாலகுரு காலையில் ஒரு தடவை பாஸ்வேர்ட் போடுவார். நாள் முழுக்க எல்லோரும் அதிலேயே வேலை பார்ப்பார்கள். ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, நர்ஸ் ஷஹானா தன் கைக்கடிகாரத்தை மவுஸுக்கு அடியில் வைத்துவிடுவார். நொடிமுள் ஓட ஓட, யாரோ மவுஸை அசைப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும். கண்டித்து மூன்று சுற்றறிக்கை அனுப்பினேன். மூன்றையும் வடைக்கு எண்ணெய் ஒற்றப் பயன்படுத்தினார்கள்.

செவ்வாய் காலை பதினொரு மணிக்குக் கடிகாரத்தை எடுத்து என் பையில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஸ்கிரீன் பூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து உப்பளத் தொழிலாளி சகாதேவனைத் தூக்கி வந்தார்கள். உப்பு லாரி தொடையில் ஏறியிருந்தது. ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ் அந்த ஸ்கிரீன் வழியாகத்தான் திறக்கும். அதுவும் என் ஏற்பாடு.

"வாட்ச எவன் எடுத்தது? லாக் ஆயிடுச்சு சார்" என்றார் ஷஹானா.

டாக்டர் ஓடி வந்தார். மற்றவர்கள் வெளியே போனால்தான் பாஸ்வேர்ட் போடலாம் என்று விதியைச் சொன்னேன்.

"யோவ், தள்ளுய்யா. ஆளு போயிட்டிருக்கான், இவன் ரூல் பேசிட்டு நிக்கிறான்."

எல்லோர் கண்ணெதிரிலும் கீபோர்டில் கை வைத்தார். சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து அந்தக் கை மேல் போட்டேன். இரண்டு தடவை. விரல்கள் நான் நினைத்ததைவிடச் சுலபமாக நொறுங்கின.

அத்தோடு விட்டிருப்பேன். அவரோ, "ஷஹானா, நான் சொல்றேன், நீ அடி" என்று வாயைத் திறந்தார். ஆறு பேர் நிற்கும் இடத்தில், சத்தமாக. நியாயமாகச் சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க முடியும்? தாடையில் அடித்தேன். கீபோர்டில் நான்கு பற்கள் விழுந்தன. பிறகு அவர் வாயிலிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை.

"அதுக்குள்ளதான ரத்தம் இருக்குது, தொறந்து வுடுங்கய்யா" என்று சகாதேவன் மனைவி அம்சவள்ளி ஃபிரிட்ஜ் கதவை நகம் பிய்ய இழுத்தாள். பூட்டு தரமானது. சிலிண்டரோடு நான் நின்றதால் வேறு யாரும் கிட்டே வரவில்லை. பதினான்காவது நிமிடம் சகாதேவன் இறந்தார்.

பாஸ்வேர்ட் என்னவென்று எனக்குத் தெரியும். டாக்டருக்கு அதை வைத்துக் கொடுத்ததே நான்தான்.