மேல் இழை

இந்த அறை மின்விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது, ஐயா. இன்னும் ஒரு மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். யாரிடமாவது சொல்லி மாற்றிவிடுங்கள். சாயந்திரமானால் உங்களுக்குத் தலை வலிக்கிறது என்றால் அதற்குக் காரணம் கண் இல்லை, இந்தச் சத்தம்தான். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் காது பார்த்தவன், பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள். நடுவிலிருந்து கேட்டால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்தது போலத் தோன்றும்.

எங்கள் தொழிற்சாலையில் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிறார்கள். பிரஸ் பிரிவில் நாற்பது இயந்திரங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இடிக்கும்போது பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமானாலும் கையைத்தான் ஆட்ட வேண்டும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் காது டெஸ்ட். அதைச் செய்கிறவன் நான். சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறை உண்டு, தொழிலாளிகள் அதைக் கூண்டு என்பார்கள். உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் மெஷின் பழையது. அது காட்டுகிற எண்ணைப் பார்த்து, அட்டையில் புள்ளியைப் பேனாவால் நான்தான் வைக்க வேண்டும். அட்டையில் ஒரு சிவப்புக் கோடு அச்சடித்திருக்கும். புள்ளி அதற்குக் கீழே இறங்கினால் அந்த ஆளை உடனே பிரஸ் பிரிவிலிருந்து எடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அமைதியான இடம். பறவைச் சத்தம்தான் கேட்கும் என்பார்கள். சம்பளத்தில் ஒரு குறையும் வைப்பதில்லை. நல்ல விதி அது. அதை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

இப்போது சங்கீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்கிற சங்கீதத்தில் பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஒரே ஒரு சுரம். ஒருவர் தடித்த கம்பியில் வில்லைப் போட்டு அதை நாற்பது நிமிடம் விடாமல் இழுப்பார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பன்னிரண்டாவது நிமிடம் வாக்கில் அந்தக் கனத்த ஒலிக்கு மேலே, எட்டாத உயரத்தில், நூல் மாதிரி இன்னொரு ஒலி எழும்பும். அதை யாரும் வாசிப்பதில்லை. அதுவாக வரும், அதுவாகப் போகும். அதற்கு நானே வைத்த பெயர் மேல் இழை. அது வரும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

என் வீட்டுக்காரிக்கு அது புரியவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "மோட்டாரை நிறுத்துங்க, தொட்டி ரொம்பி வழியப்போகுது" என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை, ஐயா, நிஜமாகவே தண்ணீர் மோட்டார் என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஹெட்போனில்தான். ஒருமுறை தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில், "நீண்ட சுர இசையில் ஆர்வமுள்ளவர்கள் காது அறைக்கு வரவும்" என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் அதன் கீழே யாரோ "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று கிறுக்கியிருந்தார்கள். கான்டீனில் ஒரு வாரம் அதே பேச்சு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. வருடத்துக்கு நானூறு பேர் என் கூண்டில் வந்து உட்காருகிறார்கள். உலகத்திலேயே நல்ல ஹெட்போன், ஈ பறந்தாலும் கேட்கிற அமைதி. டெஸ்ட் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் எட்டு விநாடி மட்டும் அதை ஓட விட்டேன். மேல் இழை இருக்கிற எட்டு விநாடி. தூண்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்னமோ கொய்ங்குது சார்" என்பார்கள். "வயர்ல கோளாறா?" என்பார்கள். பாதிப் பேருக்கு டெஸ்ட் முடிந்ததா இல்லையா என்பதே கவலை. ஒன்பது வருடம் இப்படிப் போனது.

ஒன்பதாவது வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிரஸ் ஆபரேட்டர் வந்தார். ஆள் நல்ல உயரம். கூண்டின் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எட்டு விநாடி முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. கூண்டின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து, "சார், அதுக்கு மேல மெல்லிசா ஒண்ணு வந்துச்சே, அது என்ன?" என்றார்.

நான் பதில் சொல்ல எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு இடைவேளையில் அவர் வருவார். கூண்டுக்குள் இரண்டு ஸ்டூல் போட்டால் முட்டியும் முட்டியும் இடிக்கும். கதவைச் சாத்திவிட்டுக் கேட்போம். முடிந்ததும் பேச மாட்டோம். டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு அவர் இடிக்கிற இடத்துக்குப் போய்விடுவார். மூன்றாவது மாதம் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார். "அண்ணே, இது எனக்குப் பிடிக்கும்னு எனக்கே தெரியாதுண்ணே" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம். ஐம்பது வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு சிநேகம் வாய்க்குமென்று நான் நினைத்ததே இல்லை.

இரண்டாவது டெஸ்டில் அவர் காது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஒரு புள்ளி சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியது.

இரைச்சல் காதை எல்லாப் பக்கமும் சமமாகத் தின்பதில்லை, ஐயா. முதலில் உயரமான ஒலிகளைத்தான் எடுக்கும். மேல் இழை இருக்கிற அதே இடம். பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குத்தான் தெரியும். என் வேலையே அதுதான்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சளியாக இருக்கலாம். முந்தின நாள் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கலாம். உண்மையான புள்ளியை வைத்தால் அடுத்த திங்கள்கிழமை அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். போனவர்கள் யாரும் திரும்பி வந்து என்னை எட்டிப்பார்த்ததில்லை. போன வருட அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதே புள்ளிகளை அப்படியே வைத்தேன். அடுத்த வருடமும் வைத்தேன். அதற்கடுத்த வருடமும், இந்த வருடமும். நான்கு அட்டை. எண்ணிக்கை சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

காதடைப்பான் விஷயம் உங்கள் தாளில் இருக்கிறதா? இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவரே கேட்டார். "அண்ணே, அதை மாட்டினா மெஷின் சத்தம் மாறுறது தெரிய மாட்டேங்குது. கண்டிப்பா போடணுமா?" நான் சொன்னேன், "உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலையே. உங்க இஷ்டம்." போடச் சொல்லியிருந்தால், ஏன் திடீரென்று இவ்வளவு அக்கறை என்று யோசித்திருப்பார். அவரைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நடுவில் ஒரு வருடம் எங்களோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். ஃபிட்டர். வாயாடி என்று பெயர், பெயருக்கு ஏற்ற வாய். அவருக்கும் மேல் இழை கேட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிந்த உடனே பேசுவார். கூண்டுக்குள் மூன்றாவது ஸ்டூலுக்கு இடமில்லை, கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. வேறு ஏதோ இசையைத் தானும் கொண்டுவந்து போட்டுக் காட்டினார், அதில் மத்தளம் எல்லாம் இருந்தது. நெட்டை அதையும் ரசித்தார். இரண்டு பேரும் என்னென்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அந்த வருட டெஸ்டில் வாயாடியின் புள்ளிகளைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வைத்தேன். அவருடைய காது தங்கமான காது. மாற்றல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சார், நேரத்துல பார்த்துச் சொன்னீங்க. இல்லன்னா என் பொழப்பு என்ன ஆகியிருக்கும்" என்றார். இன்றைக்கும் அவர் வீட்டில் டிவி சத்தம் வைக்க விடுவதில்லையாம், காது கெட்டுவிடும் என்று. அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள். பாவம், நல்ல மனிதர்.

சங்கத் தலைவர் என்னைப் பார்த்து, "வேலியே பயிரை மேஞ்சிடுச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது. மேய்ந்தவனுக்கு வயிறாவது நிறைந்திருக்கும்.

போன வருடம் நெட்டையின் மனைவி தொழிற்சாலை கேட்டுக்கு வந்திருந்தார். இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல நான் பாட்டுக்குக் கத்துறேன், இவர் பாட்டுக்கு இருக்காரு. பாப்பா கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரு. அவ அழறா. உங்க டெஸ்ட்ல காது நல்லாத்தானே இருக்கு?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்றேன். "அப்போ வேணும்னுதான் பண்றாரா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆம்பளைங்க அப்படித்தாம்மா, வேலை அலுப்பு, கொஞ்சம் விட்டுப் பிடிங்க என்றேன். அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்து நெட்டை வெளியே வந்தார். குழந்தை பின்னாலிருந்து, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது. குழந்தைக் குரல், மெல்லிசு, உயரம். அவர் நேராக நடந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டேன்.

அவருக்கு மேல் இழை கேட்கவில்லை என்று எனக்கு எப்போது தெரியும் என்றுதானே அடுத்துக் கேட்கப்போகிறீர்கள். இரண்டு வருடமாகத் தெரியும். பன்னிரண்டாவது நிமிடம் நான் கண்ணை மூடுவேன். கொஞ்ச நாளாக அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் மூடியதும் மூட ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம், ஒன்றுமே வராத இடத்தில், வேண்டுமென்றே கண்ணை மூடினேன். அவரும் மூடிக்கொண்டு, "வந்துடுச்சுண்ணே" என்றார். மெதுவாக, ஆசையாகச் சொன்னார். அவரும் என்னை விட்டுப் போக விரும்பவில்லை பாருங்கள். ஆமாம், வந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகும் செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டுதான் இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசியில் அந்த அம்மாதான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? அவர்கள் எடுத்த டெஸ்டும் என் அட்டையும் இப்போது உங்கள் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவர்கள் எடுத்ததுதான் சரி. போனது திரும்பி வராது என்று அவர்கள் சொன்னதும் சரி. அவர் காதைக் கெடுத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை, தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நெட்டை என் வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று என் வீட்டுக்காரி பயந்து கதவை மறித்தாள். அவர் வாசலிலேயே நின்றார். காது கேளாதவர்கள் தங்களுக்குத் தெரியாமல் சத்தமாகப் பேசுவார்கள், தெருவே கேட்டது. "ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே? வாராவாரம் பஸ் ஏறி வந்திருப்பேனேண்ணே" என்றார். சொல்லிவிட்டு, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்விட்டார்.

அவர் சொன்னதைத்தான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல மனிதர், சொன்னால் வந்திருப்பார். ஆனால் அந்தத் தடத்தில் ஓடுகிற பஸ்ஸில் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள், ஐயா. எல்லாம் ஓட்டை உடைசல். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து வர வேண்டும். வாராவாரம் அப்படி வந்தால் அவருடைய காது என்னத்துக்கு ஆகும்?