மூன்றாம் தொட்டியின் மணம்

பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். கணப்புக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல் மேல் கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஏல் என்கிற இந்தப் பழைய பீரைக் குளிரக் குளிரக் குடிக்கிறவர்கள் பாதியைத்தான் குடிக்கிறார்கள். மீதிப் பாதி குளிரில் வாயே திறக்காமல் வயிற்றுக்குள் போய்விடுகிறது. சாதாரண பீர் தாகத்துக்குக் குடிப்பது, அது எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். இது ஓக் மரத் தொட்டியில் இரண்டு வருஷம் இருட்டில் கிடந்து கறுத்த சரக்கு. லோவிக் பீர் ஆலையில் இதற்குக் கிழவன் என்று பெயர். உங்கள் ஆட்களே சனிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் சாய்ந்துகொண்டு, "ஒரு கிழவன் ஊத்துப்பா" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிக்கொள்ள வேண்டுமே, அதனால் சொல்கிறேன். ஆம்ப்ரோஸ் டக்வெல். ஆலையில் பார்லியை முளை கட்டுவது முதல் பாட்டிலுக்கு மூடி போடுவது வரை எல்லாம் என் பொறுப்பு. நாரிஸ் கேட்ச்போலும் ஜெத்ரோவும் மூன்றாம் தொட்டிக்குள் இறந்தது விபத்து என்று விசாரணையில் முடிவு செய்தீர்கள். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ருசி பார்ப்பது பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னை ஏதோ கோபக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

குவளையில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நடுவில் கறுப்பும் ஓரத்தில் செர்ரிச் சிவப்பும் தெரிய வேண்டும். இரண்டு கையாலும் குவளையைப் பொத்திச் சூடேற்றி, ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட வேண்டும். முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும். நாக்கு பாவம், அதற்குத் தெரிந்தது இனிப்பும் கசப்பும் புளிப்பும்தான். உலர்ந்த பிளம், கரும்புப் பாகு, பழைய தோல் பெட்டி, பாதிரியார் வீட்டு ஷெர்ரி ஒயின் என்று நாங்கள் சொல்வதெல்லாம் மூக்கு கொடுக்கும் சேதி. அதன் பிறகு ஒரு வாய். ஒயின்காரர்கள் மாதிரி துப்பக் கூடாது, கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தன் கதையைச் சொல்லும். விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அவசரக்காரர்கள் காரியத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

வியாழக்கிழமை காலையில் மூன்று பேர் உட்காருவோம். ஆலையில் எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்த நாரிஸ், ஆலைக்குச் சொந்தக்காரியான லோவிக் அம்மையார், நான். எங்கள் ஆலையில் வயதில் இளையவர்தான் முதலில் பேச வேண்டும், தலைமையில் இருப்பவர், அதாவது நான், கடைசியில். பெரியவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்லித் தலையாட்டிவிடுவார்கள் என்பதால் ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம். நான்கு வருஷம் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

ஒரு குளிர்காலத்தில் எனக்குக் கடுமையான ஃப்ளூ வந்தது. நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. அதை முதலில் கவனித்தது என் மனைவி ஈனிட்தான், ஆனால் அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அடுப்புல பால் கருகி வீடே நாறுது. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கீங்களே, மூக்கை எங்கயாவது அடகு வச்சுட்டீங்களா?" என்றாள்.

சிரித்து வைத்தேன். அவள் கடைக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்து காபித்தூள், கிராம்பு, பூட் பாலிஷ், அவளுடைய செண்ட் பாட்டில் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். எல்லாமே வெறும் காற்று. எனக்குப் பயம் வந்தது. போரில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. என் தகப்பனாரும் அந்த ஆலையில் மூக்கால் பிழைத்தவர். மூக்கில்லாத டக்வெல்லை ஊரில் யாருக்கும் எதற்கும் தேவையில்லை.

அடுத்த வியாழக்கிழமை நாரிஸ் குவளையை முகர்ந்து, "பிளம். அடியில கொஞ்சம் பாகு" என்றான். அம்மையார் தலையாட்டினார். என் முறை வந்தபோது, பிளம்தான், ஆனால் ரம்மில் ஊறப் போட்டுவிட்டு வீட்டுக்காரி மறந்துபோன பிளம் என்றேன். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்றார். இப்படித்தான் தொடங்கியது. அவன் எலும்பைக் கொடுப்பான், நான் சதை போர்த்துவேன். உண்மையைச் சொன்னால் மூக்கு இருந்த காலத்தைவிட அப்போதுதான் நான் நன்றாகப் பேசினேன்.

"தலைவர் வாய்ல பூந்து வந்தா வெறும் தண்ணிகூட கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வெளிய வரும்" என்று நாரிஸ் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவன் நல்லவன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தொந்தரவு மூன்றாம் தொட்டியில் வந்தது. ஒரு நாள் அந்த ஏலை முகர்ந்துவிட்டு, ஈரக் கோணி நாற்றம் லேசாக அடிக்கிறது என்றான் நாரிஸ். லோவிக் அம்மையாருக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் நான் என்ன செய்வது? மரத்தின் குணம் என்று தீர்ப்புச் சொன்னேன். நாரிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த வாரம் அம்மையார் ஊரில் இல்லை. நாங்கள் இருவர் மட்டும். நாரிஸ் ஒரு குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, "பிளம், ஷெர்ரி. பிரமாதம்" என்றான். நானும் குவளைக்குள் மூக்கை விட்டு நிதானமாக இழுத்து, பாதிரியார் வீட்டு ஷெர்ரியைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். நன்றாகவே பேசினேன்.

"தலைவரே, குவளைய வெளிப்பக்கமாத் தடவிப் பாருங்க" என்றான்.

தடவினேன். விரல் வழுக்கியது.

"மண்ணெண்ணெய். விளக்குத் துடைக்கிற துணியால நல்லா தேய்ச்சுட்டுத்தான் உங்க கைல குடுத்தேன். இங்க உக்காந்திருக்கிற எனக்கே தலை வலிக்குது, நீங்க ஷெர்ரிங்கறீங்க." அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எப்பருந்து இப்படி?"

சொன்னேன். நான்கு வருஷம் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னபோது, வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயா? எங்கப்பாவுக்குக் காது போச்சு. பெரிய குழாய் ஒண்ணக் காதுல வச்சுக்கிட்டு சர்ச்சுல முன் வரிசைல உக்காந்து தூங்குவாரு. யாரு என்ன சொன்னாங்க? நான் மூச்சு விடமாட்டேன். நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆனா இந்த மாசத்துக்குள்ள சொல்லணும் தலைவரே, ஏன்னா மூணாம் தொட்டி நாறுது. உள்ள ஏதோ பலகை உளுத்துப் போச்சு. விட்டா கிழவனையே சாகடிச்சுடும்."

என் தோளில் தட்டிக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர், உங்களை யாராவது, உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், தோளில் தட்டிக் கொடுத்திருக்கிறாரா?

முதலில் பலகையைப் பார்ப்போம், பிறகு நானே அம்மையாரிடம் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவனுக்கு அதில் சந்தோஷம். தொட்டியில் இருந்த ஏலை வேறு பீப்பாய்களுக்கு மாற்றினோம். மறுநாள் காலை அவன் உள்ளே இறங்கி உளுத்த பலகையைத் தேடுவதாக ஏற்பாடு. ஏல் போன பிறகும் தொட்டியின் அடியில் மண்டி தங்கும். அது புளித்துக்கொண்டே இருக்கும், அதிலிருந்து கிளம்பும் வாயு காற்றைவிடக் கனம், தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். அதனால் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி மேல் வாய் வழியாக இறக்கிப் பார்க்காமல் எங்கள் ஆலையில் யாரும் தொட்டிக்குள் கால் வைப்பதில்லை. சுடர் நின்று எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. மெழுகுவத்தி பிடிப்பது தலைமையில் இருப்பவர் வேலை. கீழே இறங்குகிறவனின் உயிருக்கு அவர் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம்.

நான் இறக்கினேன். கொஞ்ச தூரம் போனதுமே அணைந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. கயிற்றை மேலே இழுத்தேன். நாரிஸ் ஏணிக்குப் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"எரியுதா தலைவரே?"

"எரியுது" என்றேன்.

இறங்கினான். அந்த வாயு மூக்கில் சுருக்கென்று ஏறும். அவனைப் போல மூக்கு உள்ளவனுக்கு ஒரு மூச்சிலேயே தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு மூச்சே போதும். ஒரு சத்தம் கேட்டது, கோதுமை மூட்டையை இறக்கி வைப்பது போல, அவ்வளவுதான். பெரிதாகக் கஷ்டப்பட்டிருக்கமாட்டான்.

ஜெத்ரோவை நான் எதிர்பார்க்கவில்லை. அவன் நிலவறைக்காரன், அந்த நேரத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருக்க வேண்டியவன். சத்தம் கேட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தான்.

"ஐயோ, விழுந்துட்டாரா? காத்து நல்லாத்தானே இருக்கு தலைவரே? மெழுகுவத்தி பாத்தீங்கல்ல?"

பார்த்தேன், எரிந்தது என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அதை மாற்றிச் சொல்வது எப்படி? ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் குதித்தே இறங்கினான், ஏணியில் பாதியைக் கால் தொடவில்லை. ஜெத்ரோவின் மரணத்தை என் கணக்கில் எழுதுவது நியாயமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் அவனை இறங்கச் சொல்லவில்லை.

அந்தக் கணத்தில் ஏதோ மனம் தடுமாறிவிட்டது என்பது போல் இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். முழு வாக்குமூலம் என்று வந்த பிறகு அதையும் திருத்திவிடுகிறேன். தொட்டியைக் காலி செய்தால் அந்த வாயு வடியட்டும் என்று அடிக்கதவைத் திறந்து போட வேண்டும். நாரிஸ் திறந்து போட்டுவிட்டுத்தான் முந்தின நாள் வீட்டுக்குப் போனான். நான் அதைச் சாத்தினேன். மண்டிக்கு வேகம் வரட்டும் என்று ஒரு டின் சர்க்கரைப் பாகும் ஊற்றினேன். காலையில் ஜெத்ரோ வருவதற்கு முன்பே கதவை மறுபடி திறந்து வைத்துவிட்டேன். அவ்வளவு நேரத்தில் வடிந்துவிடாது என்பது எனக்குத் தெரியும், அது என் தொழில்.

அடக்கத்தின்போது நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாக நாரிஸின் மனைவியே சொன்னாள். சர்ச் நிறைய லில்லிப் பூ. அன்றைக்குத்தான், இன்ஸ்பெக்டர், அந்தப் பூக்களின் நடுவே நிற்கும்போது லேசாக ஒரு வாசனை வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் மூக்கு திரும்பிவிட்டது. இப்போது முழுசாக இருக்கிறது. நாரிஸ் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அதுதான் என் வருத்தம்.

மூன்றாம் தொட்டியில் புது ஏலை நிரப்பினேன். பலகையை மாற்றவில்லை. மாற்றினால் நாரிஸ் சொன்னது சரி என்று ஆகிவிடும். நாரிஸின் இடத்துக்கு வேறு ஆளும் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது முதலில் பேசியது லோவிக் அம்மையார்தான்.

"டக்வெல், இது நல்லாத்தான் இருக்கா? எனக்கு என்னமோ..." என்று கைக்குட்டையை எடுத்தார். பாவம், அவருக்கு வயதாகிவிட்டது. மரத்தின் குணம் அம்மா, நன்றாக முதிர்ந்திருக்கிறது என்றேன். அவர் என்னை எப்போதுமே நம்புகிறவர்.

கிறிஸ்துமஸுக்குக் கடைகளுக்குப் போன பாட்டில்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துவிட்டன. செத்த எலி நாற்றம் என்கிறார்கள். ஊரில் யாரோ கிளப்பிவிட்டது. ஒருவன் சொன்னால் எல்லாரும் அதையே சொல்வார்கள், மனுஷ மூக்கு அப்படித்தான். அம்மையார் நாளைக்கு மூன்றாம் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிடப் போகிறார். நான் எவ்வளவோ சொன்னேன், முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். கொலை நடந்த தொட்டி என்றால் நீங்கள் முத்திரை வைக்கலாம், யாரும் தொட முடியாது. என்னைத் தூக்கில் போடுங்கள், அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. அந்த ஏலைக் கொட்ட விடாதீர்கள். இரண்டு பேர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சரக்கு அது.

மூன்றாம் தொட்டியின் பாட்டில் இப்போது பதமாகியிருக்கும். இப்படிக் கொடுங்கள், நானே திறக்கிறேன். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. ஓரத்தில் அந்தச் சிவப்பைப் பாருங்கள்.

கான்ஸ்டபிள் எதற்கு ஜன்னலைத் திறக்கிறார்? வெளியே பனி கொட்டுகிறதே. நீங்களும் எழுந்துவிட்டீர்கள். முகத்திலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்காருங்கள், இன்ஸ்பெக்டர், ருசி பார்ப்பதில் அவசரமே கூடாது. உங்களுக்கு என்னைவிட வயது குறைவு, எங்கள் வழக்கப்படி நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். நான் காத்திருக்கிறேன். சொல்லுங்கள், என்ன வாசனை வருகிறது?